ஓரத்தில் எழுதிய வரி

1

மறைப்பானேன், இந்தக் கதை எனக்கு ஒரு நகல் எடுக்கும் கடையில் கிடைத்தது. அக்கா வைத்திருந்த வேதாகமத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்திருந்தேன். இயந்திரத்தின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி கடைக்காரப் பெண் கேட்டாள்.

"ஓரத்துல பென்சில்ல ஏதோ எழுதியிருக்கே. அதுவும் விழணுமா?"

"விழாம எடுக்க முடியுமா?"

"தாள் வெச்சு மறைச்சிடலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் வேறு இரண்டு பேர் காதுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கதை அப்படித்தான் வரும். முகம் தெரிவதற்கு முன்னால் குரல்.

"அத ஏன் வாசிச்சீங்க?" என்றாள் ஒருத்தி.

"எழுதியிருந்துச்சு, வாசிச்சேன்" என்றான் ஒருவன்.

2

முதல் தொடக்கம்: "ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு துறைமுக..." பள்ளிப் பாடம் மாதிரி இருக்கிறது. விடுவோம்.

இரண்டாவது: "அவள் விரல்களில் மை..." எழுதுகிறவள் விரலில் மை இல்லாமல் மாவா இருக்கும்?

மூன்றாவது: மதியம். மாடியறை. கீழே தெருவில் யாரோ பலகையை இழைக்கிற சத்தம், தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் வந்து போகிறது. கணவன் கரடுப் பிரதியைப் பார்த்து வாசிக்கிறான். மனைவி தலை நிமிராமல் புதுச் சுருளில் எழுதுகிறாள். பிரதி எழுதுவதுதான் இருவருக்கும் தொழில். ஜன்னலோரம் கிழவர் ஒருவர் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். முன்பு மீன் பிடித்தவர். குருவோடு நடந்தவர்களில் மிச்சம் இருப்பவர். அவர் வாயால் சொல்லச் சொல்ல அவள்தான் முதலில் குறித்துக்கொண்டாள்; அதுதான் கரடுப் பிரதி. இப்போது நடப்பது செம்பிரதி. கிழவர் முழுதும் கேட்டு "சரி" என்று சொன்னால்தான் சுருள் வெளியூர்ச் சபைக்குப் போகும்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

(நான்கு சுவிசேஷங்களிலும், எழுதியவர் தன் பெயரை உள்ளே சொல்வதில்லை. தலைப்பில் நிற்கும் பெயர்கள் பிறகு வந்தவை என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். வேதாகமத்தில் உள்ள ஒரே ஒரு கடிதத்தில் மட்டும், சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவன் கடைசியில் எட்டிப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறான். என் மாடியறைக்காரி அந்த அளவுக்குக்கூட எட்டிப் பார்க்கிறவள் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

3

தவறு இப்படி நடந்தது. இந்த வேலையில் காது வாங்கும், கை எழுதும். நடுவில் மனசு எங்காவது உலாவப் போய்விடும். மூன்று வரி தாண்டிய பிறகுதான் அவள் கை நின்றது.

"இப்ப என்ன வாசிச்சீங்க?"

"'கூட்டத்துக்குப் பின்னால், வாசலில், ஒரு தாய் பிள்ளையோடு நின்றாள். அவளை உள்ளே கூப்பிட்டார்.'"

"ரெண்டாவது வாக்கியம் ஓரத்துல இருக்கு."

"இருக்கட்டுமே. விட்டுப்போனத ஓரத்துல எழுதுறது வழக்கம்தானே? நீயே நேத்து நாலு எடத்துல எழுதியிருக்க."

"இது விட்டுப்போனது இல்லைங்க."

"பின்ன?"

அவள் கரடுப் பிரதியின் ஓரத்தைப் பார்த்தாள். கரடுப் பிரதி எழுதிய அன்று கிழவர் சொன்னது தாய் வாசலில் நின்றதோடு சரி. "அப்புறம் என்ன ஆச்சுன்னு ஞாபகம் இல்ல மகளே" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். அவளால் போக முடியவில்லை. ஒரு மருத்துவரின் வாசலில் அவளும் அப்படி நின்றிருக்கிறாள். கூட்டம் குறைந்தபோது பிள்ளையின் உடம்பில் சூடும் குறைந்திருந்தது, முழுதாக. மூச்சும் இல்லை. அதனால் ஓரத்தில், சின்ன எழுத்தில், யாருக்கென்றும் இல்லாமல், அவளே அந்த ஒரு வரியை...

(அவள் பிள்ளையைப் பற்றி இன்னும் ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். அந்த வரியையும் எந்த ஏட்டிலும் தேடாதீர்கள். நான் எழுதியது. அதாவது, அவள் எழுதியது.)

4

கிழவரைக் கேட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள். நானும் நினைத்தேன்.

"ஐயா, வாசல்ல நின்ன அந்த அம்மாவ குரு கூப்பிட்டாரா?"

கிழவர் கண்ணைத் திறக்கவில்லை. "கூப்பிட்டார். வழி விடுங்கன்னு எங்களத்தான் அதட்டினார். பிள்ள கால்ல செருப்பு ஒண்ணுதான் இருந்துச்சு."

"அன்னிக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களே?"

"வாசிச்சதும் வந்துடுச்சு மகளே. எத்தன நாளா அந்தப் பொம்பள மனசுல நின்னுக்கிட்டே இருந்தா. இன்னிக்குத்தான் உள்ள வந்தா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். இனி யாரைக் கேட்பது?

கணவன் சுருளில் கட்டும் சீட்டை எடுத்தான். "எழுதினது யார்னு போடணுமே. உங்க பேரப் போடட்டுமா ஐயா?"

"எனக்கு எழுத்தே தெரியாது. தூண்டில்காரன் எழுதினான்னா ஊரே சிரிக்கும்."

"இவ பேரப் போட்டா ஒருத்தனும் பிரிக்க மாட்டான். சும்மா விடுறேன். வேணுங்கிறவன் எழுதிக்கட்டும்."

5

புதுச் சுருளில் மை இன்னும் காயவில்லை. ஈரப் பஞ்சால் ஒரு தடவை ஒற்றினால் வரி போய்விடும். பஞ்சு அவள் கையில் இருக்கிறது. சுருளைக் கொண்டுபோகிறவன் படியேறும் சத்தம் கேட்கிறது.

ஒரு முடிவில் அவள் துடைக்கிறாள். இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். கிழவர் முதலில் சொன்னது மட்டும் மிஞ்சுகிறது. தாய் வாசலிலேயே நிற்கிறாள், படிக்கிற ஒவ்வொருவர் முன்னாலும்.

இன்னொன்றில் விட்டுவிடுகிறாள். எங்கோ ஒரு சபையில் அதை வாசிக்கும்போது கடைசி வரிசையில் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். குரு செய்யாத ஒன்றுக்காகவா, செய்த ஒன்றுக்காகவா என்று தெரியாமலே.

மூன்றாவது முடிவில் அவள் கணவனிடம் எல்லாவற்றையும் சொல்ல, அவன்... இல்லை, அவனுக்குத் தெரியும். வாசிக்கும்போதே தெரியும். மனைவியின் சின்ன எழுத்து அவனுக்குத் தெரியாதா?

இதை நான் இப்போதுதான் கண்டுபிடிக்கிறேன். என் கை நின்றுவிட்டது.

கடையில் அந்தப் பெண் இன்னும் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "சொல்லுங்கம்மா, மறைக்கவா?" கூட்டத்துக்குப் பின்னால், வாசலில், ஒருத்தி பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொள்கிறாள். மாடியறையில் பஞ்சிலிருந்து ஒரு சொட்டு மேஜையில் விழுகிறது.

நான் முடிக்கப்போவதில்லை. கையை நீட்டுங்கள். பஞ்சை உங்களிடம் தரச் சொல்லியிருக்கிறாள்.