பத்தில் நாலு போனால்

...பத்தில் நாலு போனால் ஆறு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு, அதைத்தான் அவளும் போட்டாள், போட்டு அப்பாவிடம் சொல்லியும் தொலைத்தாள், இருபத்திரண்டு வருஷமாக விமான டிக்கெட் போடுகிறவள், ‘சார், ஏறுறது அந்த ஊர் நேரம், இறங்குறது நம்ம ஊர் நேரம், ரெண்டையும் கழிச்சுப் பாக்காதீங்க’ என்று தினம் பத்துப் பேருக்காவது பாடம் எடுக்கிறவள், இங்கே காலை எட்டு மணிக்குத் தம்பி விமானம் ஏறிவிட்டான் என்றதும் அப்பா ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, எவ்வளவு நேரம் பாப்பா என்றதும், புத்தி எங்கே மேயப் போயிற்று? அங்கே மாலை நாலுக்குக் கிளம்பி இங்கே இரவு பத்துக்கு வருகிறான், ஆறு மணி நேரம்ப்பா என்றாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறுதானே, இருக்கேன். டாக்டர் முந்தாநாளே கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார், மனிதர்தான் விடாப்பிடியாக இருக்கிறார், ஒன்பது வருஷமாகப் பேசாத மகனிடம் ஒரு வார்த்தை பேசிவிட... இப்போது மதியம் இரண்டு. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரில் பாதிகூடத் தாண்டவில்லை, விமானம் போகும் வழியைக் காட்டும் கைப்பேசிப் படத்தில் அது கடல் மேல் நிற்கிறது, இன்னும் எட்டு மணி நேரம், எட்டு! சொல்லிவிடலாமா, சொன்னால் தாங்குவாரா...

வாடா, என்றார் அப்பா. கதவு சாத்தித்தான் இருக்கிறது. அவர் பார்ப்பது கட்டிலோரத்து நாற்காலியை, கை நீண்டு, விரல்கள் ஒரு மணிக்கட்டைச் சுற்றினாற்போல் வளைந்து நிற்கின்றன, நடுவில் ஒன்றுமில்லை, ஆனால் முழுதாக மூடவும் இல்லை. ஏன்டா இப்படிச் சில்லுனு இருக்க? ஐயோ, அவள் கைப்பேசியைப் பார்த்தாள், படம் நின்றுவிட்டதா, இல்லை, நகர்கிறது, நகர்கிறது, அப்பாடா. அப்படியானால் இவர் யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்? அன்னிக்கு நான் சொன்னது தப்புதான்டா, மனசுல வெச்சுக்காத. அவ்வளவுதான், அந்த வார்த்தை செலவாகிவிட்டது, இனி எதற்காக மூச்சைப் பிடித்திருப்பார், தம்பி பத்து மணிக்கு யார் முகத்தைப் பார்ப்பான்? அவன் இன்னும் வரலைப்பா என்று ஒரு வரி சொன்னால் போதும், காத்திருந்தாலும் காத்திருப்பார். ஆனால் அந்த முகத்தில் இருக்கிற சந்தோஷம், பாவி மனுஷன், இந்த ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவளுக்குக் காட்டாத சந்தோஷம்.

"பாப்பா, அவன் ஏதோ கேக்குறான் பாரு."

"என்னப்பா கேக்குறான்?" கேட்டபிறகுதான் உறைத்தது, அவளும் நாற்காலியைத்தான் பார்த்துக் கேட்டிருக்கிறாள்.

"ஆறு மணி நேரம்னு நீ ஏன் சொன்னேன்னு."

தூக்கக் கலக்கத்தில் வாய் தவறிவிட்டது, வேறென்ன, மூன்று ராத்திரி கண் மூடவில்லை... தவறித்தான் போயிற்றா? ஒருநாளும் தப்பாத கணக்கு இன்றைக்கு மட்டும் எப்படித் தப்பும், தூக்கித் தூக்கி உட்கார வைத்தே இற்றுப்போன இந்தத் தோள், சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று எந்த மூலையிலாவது... சே, பெற்ற அப்பா. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள், அப்பாவின் விரல்கள் மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தன.

"தெரியலடா," என்றாள், நாற்காலியைப் பார்த்து.