லைட் ஏதாவது எரிஞ்சுதா?

பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, மகன் பாதி உடம்பை உள்ளே விட்டுத் தேடிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டையின் கையெல்லாம் கரி.

“பேட்டரியையே காணோம் சித்தப்பா. எவனாவது கழட்டிட்டுப் போயிட்டானா?”

கேட்டுக்கு வெளியே ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றுவிட்டது. வேனுக்குள், வெள்ளைத் துணி போர்த்தி, அவனுடைய அப்பா. அவரை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமானால், அவரே கடைசியாக ஓட்டிவந்து போர்ட்டிகோவில் நிறுத்திய இந்த ஜெர்மன் கார் வழி விட்டாக வேண்டும். காருக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழையலாம். ஸ்ட்ரெச்சர் நுழையாது.

மகன் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுத் தந்த கார் சாவியைப் பிடித்தபடி அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்து அழுத அழுகை சட்டென்று நின்றுபோயிருந்தது. கார் கிளம்பாது என்பது அங்கே அவள் ஒருத்திக்குத்தான் முன்கூட்டியே தெரியும்.

“அங்க தேடாதடா,” என்றார் கணவரின் தம்பி. “இந்த வண்டிக்கு பேட்டரி பின் சீட்டுக்கு அடியில.”

“சீட்டுக்கு அடியிலயா? நல்லா வெச்சான் போ. சரி, தள்ளிடலாமா?”

“தள்ள முடியாது. ஆட்டோமேட்டிக் கியர், பூட்டிக்கிட்டு நிக்குது. பேட்டரில உயிர் இருந்தாத்தான் நியூட்ரலுக்கே…” என்று ஆரம்பித்தவர், வேனைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

பின் சீட்டு அவளுடைய இடம். இத்தனை வருஷமாகப் பேட்டரியின் மேல்தான் உட்கார்ந்திருந்தோமா என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முன்னால் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து போன காலமும் ஒன்று உண்டு. அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காமல் போனதும் பின்னால் போனவள்தான். பூட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு குட்டி மோட்டார் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அது வந்து சேருவதற்குள் கண்ணாடி நழுவிக் கதவுக்குள் விழுந்தது. கண்ணாடியை ஏற்றினால் இன்ஜினுக்குத் தண்ணீர் போகும் குழாய் வெடித்தது. குழாயை மாற்றியதும், நான் மட்டும் இளைத்தவனா என்று கியர்பாக்ஸ் படுத்துக்கொண்டது. அவள் வளையல் வாங்க வைத்திருந்த பணம் முழுக்க அதன் வயிற்றுக்குள் போயிற்று. எண்ணெய் ஒழுகுவதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து அடியில் போட்டுவிட்டு, “இதுக்கு மருந்து இவ்வளவுதான்” என்று அவர் சொல்லிவிட்டார்.

வாங்கும்போது கொள்ளை மலிவு. அதைக் கட்டிக்கொண்டு மாரடித்ததில்தான் குடும்பம் மூச்சு வாங்கியது. சக்களத்தி என்றுதான் அவள் காரைச் சொல்வாள்.

“கோவிச்சுக்காத. அவளுக்கு வயசாயிடுச்சு. உனக்கு இன்னும் ஆகல பாரு,” என்பார் அவர். கேட்டவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பாடாக இருக்கும்.

அவள் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்து, ஒரு கல்யாண மண்டபத்தில் காவலாளி அவரிடம், “அம்மாவ இறக்கிட்டு அந்தப் பக்கம் போப்பா, டிரைவருங்களுக்கு அங்கதான் சாப்பாடு,” என்றான். மனிதர் ஒரு சலாம் போட்டுவிட்டுப் போய், டிரைவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே வந்தார். மண்டபத்துச் சாப்பாட்டைவிட அதுதான் நன்றாக இருந்ததாம்.

ஆஸ்பத்திரிக்கு அவரை ஆட்டோவில்தான் கூட்டிப்போனார்கள். சேர்த்த மறுநாளே கார் சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினார். “தினம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓட விடு. சும்மா நிறுத்திவெச்சா பேட்டரி செத்துடும்.” மூக்கில் குழாயோடு, பிரேக்கை எப்படி மிதிப்பது, சாவியை எப்படித் திருப்புவது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து குளித்து, துணி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் காரைப் பார்த்தாள். எரிச்சல்தான் வந்தது. மனுஷன் அங்கே கிடக்கிறார், இவளுக்கு இங்கே உபசாரமா? சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

சாயங்காலமானால் அவர் கேட்பார்.

“ஸ்டார்ட் பண்ணியா?”

“பண்ணேன்.”

“உடனே பிடிச்சுதா?”

“ஒரே தடவையில.”

“லைட் ஏதாவது எரிஞ்சுதா, டாஷ்போர்டுல?”

“ஒண்ணும் எரியல.”

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு சிரிப்பார். “பரவாயில்லயே. குணமாயிட்டா போல.”

அடுத்து அவள் முறை. “வலிக்குதா?”

“இல்ல.”

“நிஜமாவா?”

“ஒண்ணுமே இல்ல. நீ போய்ச் சாப்பிடு.”

நேற்றுக் குரலே எழும்பவில்லை. உதட்டை மட்டும் அசைத்து அதையேதான் கேட்டார். ஒண்ணும் எரியல என்று அவளும் அதையேதான் சொன்னாள்.

வேன் டிரைவர் இறங்கி வந்தார். “பேட்டரிதானே? எங்கிட்ட கேபிள் இருக்கு. நம்ம வண்டிலேர்ந்து கரண்ட் குடுக்கலாம். இழுத்துக்கிச்சுன்னா அப்படியே வெளிய எடுத்துடலாம்.”

வேனின் மூக்கைக் கேட்டருகே கொண்டுவந்து நிறுத்தினார். பின் சீட்டைப் பெயர்த்து எடுத்தார்கள். அதனடியில் அவளுடைய பழைய ஹேர்பின் ஒன்றும், ஒரு மாத்திரை உறையும் கிடந்தன. வேனிலிருந்து கேபிள் காருக்குள் போனது.

“சாவி குடும்மா,” என்றான் மகன்.

“நான் பண்றேன்.”

“உனக்கு எதுக்கும்மா இப்ப இந்த வேலை?”

“நான்தான் பண்ணணும். வழிய விடு.”

அவள் குரலைக் கேட்டு மகன் ஒதுங்கிக்கொண்டான். அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வருவதற்குள் சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

டிரைவர் சீட்டு அவருடைய உடம்புக்கு ஏற்றபடி குழிந்திருந்தது. அதற்குள் அமிழ்ந்ததும் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. விளிம்புக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எட்டி மிதித்தாள். சாவியைத் திருப்பினாள். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். இருமிவிட்டு நின்றது. “வாடி,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “இன்னிக்கு ஒரு நாள் என் மானத்தக் காப்பாத்துடி.” மூன்றாவது முறை கார் முழுக்க நடுங்கி, வேனின் முகத்தில் புகையைக் கக்கிவிட்டு, இன்ஜின் பிடித்துக்கொண்டது.

டாஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை. மஞ்சள் நிறத்தில், இன்ஜின் படம் போட்டது.

“தம்பி! இங்க வாங்களேன். என்னமோ எரியுது. நான்தான் ஸ்டார்ட் பண்ணாம போட்டு கெடுத்துட்டேன்.”

கணவரின் தம்பி ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். “இதுவா? இது எப்பவும் எரியறதுதான் அண்ணி. வருஷக்கணக்கா எரியுது. எத்தனையோ மெக்கானிக் பாத்தாச்சு, அணைக்க முடியல. பழகிப்போச்சுடான்னு அண்ணன் விட்டுட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. பின் சீட்டிலிருந்து அவருடைய பிடரியும் காதும்தான் தெரியும்.

ஒண்ணும் எரியல என்று சொன்ன முதல் சாயங்காலமே அவள் பொய் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் மறுநாளும் கேட்டார். அவள் சொன்னதற்கெல்லாம் சிரித்தார். பேட்டரி செத்துக்கொண்டிருப்பது தெரிந்தும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. பிறகு தன் முறை வந்தபோது, வலியே இல்லை என்றார். அதை அவள் நம்பினாள். நம்பிப் போய்ச் சாப்பிட்டும் வந்தாள்.

“அடப்பாவி மனுஷா,” என்றாள் வாய்விட்டு. ஸ்டியரிங்கின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை.

அவளாகவே இறங்கியதும், கேபிளைக் கழற்றி வேனை ஒதுக்கினார்கள். மகன் காரை மெதுவாகப் பின்னால் எடுத்து, தெருவோரம் நிறுத்தினான். சாவிக்குக் கையைக் கொண்டுபோனவனைத் தடுத்தாள்.

“ஆஃப் பண்ணாத. கொஞ்ச நேரம் ஓடட்டும். அப்பா அப்படித்தான் சொன்னாரு.”

ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். காரை ஒட்டித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. திறந்திருந்த ஜன்னல் அருகே வந்தபோது அவள் அவர் காதோரம் குனிந்தாள்.

“எரியுதுங்க,” என்றாள்.

தூக்கிப்போனவர்களுக்கு அது கேட்கவில்லை. காலியான போர்ட்டிகோவில் நடுவே அட்டை மட்டும் கிடந்தது, எண்ணெய் ஊறிக் கறுத்து. யாராவது வழுக்கிவிடப் போகிறார்கள் என்று தம்பி அதைக் காலால் ஓரம் தள்ளப் போனார். அவள் முந்திக்கொண்டு அதை எடுத்தாள். தெருவுக்குப் போய் மண்டியிட்டு, உறுமிக்கொண்டிருந்த காருக்கு அடியில் கையை நீட்டி, சொட்டு விழும் இடம் பார்த்து அதை நகர்த்தி வைத்தாள்.