எட்டாம் இலக்கத்துக்காக மன்றாடுவோம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, றோஸ் அக்கா தொலைபேசியில் சிரித்துச் சிரித்து, நடுவில் ஒருமுறை அழுது, எனக்குச் சும்மா கொடுத்தது. எழுதப்போகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். "எழுதன். ஆனா அந்த மனிசனைப் பாத்து எழுது" என்றார். அந்த மனிசன் என்பது அவருடைய கணவர் பிலேந்திரன். பாவம், அவருக்கு வாயில்லை என்று அர்த்தம் கொள்ள வேண்டாம். இருக்கிறது. அதுதான் கதை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

புருசெத்தின் அடுக்குமாடிகளின் மேல் பனி மெல்லப்

(வெட்டிவிட்டேன். நோர்வேயிலிருந்து தமிழில் எழுதுகிற நாங்கள் எல்லோரும் முதல் வரியிலேயே பனியைக் கொட்டிவிடுகிறோம். நகரசபை வண்டி வந்தாலும் அள்ளி முடியாது. தவிர, அன்று பனி இல்லை, தூறல்.)

இரண்டாவது தொடக்கம்:

மன்னாரில் பிறந்த பிலேந்திரன் ஒரு காலத்தில்

(இதுவும் வேண்டாம். மன்னாருக்குப் போனால் திரும்பி வர முந்நூறு பக்கம் ஆகும். கூடைப்பந்து ஆட்டமோ அன்று மாலை ஆறு மணிக்கு.)

2

ஆகவே நேராக ஆளுக்கே வருகிறேன். பிலேந்திரன் ரி-பானே என்கிற நகரச் சுரங்க ரயிலில் ஐந்தாம் இலக்கத்தை ஓட்டுகிறார். வெஸ்ட்லியில் பாதை முடிந்து ரயில் திரும்புவதற்குள் சில நிமிடங்கள் கிடைக்கும். மற்றச் சாரதிகள் அந்த நேரத்தில் கோப்பி குடிப்பார்கள். இவர் மடித்த கடதாசியை எடுத்து மதிப்பீடு எழுதுவார்.

எதை மதிப்பிடுகிறார்? மகள் கரோலினா படிக்கும் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மூன்று வரி. நீங்கள் கேட்டீர்களா, நான் கேட்டேனா, ட்ரேனர் கேட்டாரா? ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வருடமாக எழுதுகிறார். வாழ்நாளில் ஒரு பந்தைக் கூடைக்குள் போட்டவரில்லை. விதிகளை நூலகப் புத்தகத்தில் படித்துப் பாடமாக்கியவர். இரவுச் சாப்பாட்டில் தாளை றோஸ் அக்காவுக்கு வாசித்துக் காட்டுவார். அக்கா "சரி, சோத்தைச் சாப்பிடுங்கோ" என்பார். அவ்வளவுதான் வாசகர் வட்டம்.

ஆனால் ஒரு பெருமை அவருக்கு உண்டு. முகத்துக்காக எழுதமாட்டார், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சாம். நான் காகமில்லை" என்று எனக்கே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். மகளின் பெயரைக்கூடத் தாளில் எழுதுவதில்லை. சட்டையிலுள்ள இலக்கத்தைத்தான் எழுதுவார்: எட்டு.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். பெற்ற பிள்ளையை இலக்கத்தால் குறிக்கிற தகப்பனை வாசகருக்குப் பிடிக்குமா? எனக்கும் பிடிக்கவில்லை. நான்காம் பகுதி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அன்றைய ஆட்டம் சாதாரண ஆட்டமல்ல. எதிரணி நகரத்தின் மேற்குப் பக்கத்துக் கல்லூரி. எங்கள் கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகள் அவர்களிடம் வருடா வருடம் தோற்பதை ஒரு நேர்த்திக்கடன்போலச் செய்துவந்தார்கள். கரோலினாவுக்கு இது கடைசி வருடம். இன்று வெல்லாவிட்டால் இனி இல்லை.

3

இனிக் கத்தோலிக்கக் கோயிலில் நடந்த பூசை. நான் திருகோணமலைச் சைவம், அங்கே இருக்கவில்லை. றோஸ் அக்கா சொன்னதைத்தான் எழுதுகிறேன். கூட்டியிருந்தால் கூட்டியது அக்கா.

தமிழ்ப் பூசையின் நடுவில் சபைக்கு வாசிக்கும் மன்றாட்டை எழுதிக்கொடுக்கும் முறை ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பத்துக்கு வரும். அந்த ஞாயிறு பிலேந்திரன் குடும்பத்தின் முறை. மன்றாட்டையும் அவர் வெஸ்ட்லியில்தான் எழுதியிருந்தார். அதே கட்டுக் கடதாசி, அதே மடிப்பு, அதே சட்டைப்பை. இதற்குமேல் நான் விளக்க வேண்டுமா?

வாசித்தவர் யூலியன் மாஸ்டர். ஓய்வுபெற்ற ஆசிரியர், வெண்கலக் குரல். கையில் கொடுத்ததை முன்கூட்டிப் பார்க்கும் வழக்கமே இல்லாதவர். தாளை விரித்தார். தலைப்பு "எங்கள் பிள்ளைகள்" என்றிருந்தது. மாஸ்டர் உருகிவிட்டார்.

"தூவா. ஆறடி உயரம், இருந்தும் துள்ளல் இல்லை. முழங்கால் பாவம். இவருக்காக ஆண்டவரை மன்றாடுவோம்."

கடைசி வசனம் தாளில் இல்லை, மாஸ்டரின் சொந்தச் சரக்கு. சபை ஒரே குரலில் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

பிலேந்திரன் எழும்ப நினைத்தார். சட்டைப்பையைத் தடவினார், மன்றாட்டுத்தாள் அங்கேயே இருந்தது.

"மாரென். இடது கை ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. இவருக்காக..." முன்வரிசையில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"இங்வில். மூன்றாம் பகுதியோடு மூச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகு இவர் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்." ஒரு அம்மா மூக்கைச் சீறினார்.

"எதிரணி. இரக்கம் காட்டக் கூடாது. தொடக்கத்திலேயே நசுக்கிவிட வேண்டும்."

அதற்கும் சபை கேட்டருளச் சொன்னது. பழக்கதோஷம்.

கடைசி வரிக்கு வந்தபோது மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசித்தாராம். "எட்டு. கை நல்லது, கண்ணும் நல்லது. பந்து வந்ததும் தகப்பன் இருக்கிற பக்கம் பார்க்கும். பிறகு மற்றவளிடம் கொடுத்துவிடும். பயம்."

எட்டு யாரென்று சபைக்குத் தெரியாது. ஏதோ ஒரு வீட்டில் எட்டாவதாகப் பிறந்த பிள்ளை என்று நினைத்திருப்பார்கள். ஆனால் எல்லா மன்றாட்டையும்விட அதற்குத்தான் சத்தமாகப் பதில் சொன்னார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இருந்த கரோலினா மட்டும் தகப்பன் பக்கம் பார்த்தாள்.

(யூலியன் மாஸ்டர் பிழையை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "எழுதித் தந்ததை வாசிச்சனான்" என்கிறார். மன்றாட்டுத்தாளில் இருந்த நோயாளிகளும் உலக சமாதானமும் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போயின.)

4

பூசை முடிந்து மூவரும் ரயிலில் வீட்டுக்குத் திரும்பினார்கள். பிலேந்திரனுக்குப் பயணியாக இருந்து பழக்கமில்லை. ஒவ்வொரு தரிப்பிலும் கதவு மூடும் நேரம் வலது கை தானாக அசைந்ததாம். புருசெத்துக்கு இரண்டு தரிப்பு இருக்கையில் கரோலினா கேட்டாள்:

"அப்பா, எட்டு நான்தானே?"

"ஓம்."

"எனக்குப் பயமில்லை அப்பா. நீங்க எழுதுறியளோ எண்டுதான் பாக்கிறனான்."

இந்த இடத்தில் முதலில் பிலேந்திரனின் மனநிலை பற்றி ஒரு நீண்ட பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். மூன்று வருட மதிப்பீட்டில் ஒரு பிழைகூட இல்லை என்று நம்பியவர் அவர். பிழை இருந்தது, அதுவும் பேனை பிடித்த கையில். அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

"அப்ப நான் வரேல்லை" என்றார்.

"வராட்டி அதுக்கும் யோசிப்பன். வாங்கோ. பேனை கொண்டுவராதேங்கோ."

பிலேந்திரன் சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். றோஸ் அக்கா அதைக் கைப்பைக்குள் போட்டு இழுத்துப் பூட்டினார். பிறகுதான் எனக்கு ஃபோன். "மனோகரி, நீயும் வா. ஆள் பேனை இல்லாம எப்பிடி இருக்குதெண்டு பாக்கோணும்."

5

எல்லிங்ஸ்ருட்டிலுள்ள என் வீட்டிலிருந்து நான் போய்ச் சேரும்போது மண்டபத்தில் எங்கள் ஆட்கள் பதினொரு பேர் இருந்தார்கள். பூசைக்குப் பிறகு றோஸ் அக்காவிடம் விசாரித்துக்கொண்டு, மன்றாடிய பிள்ளைகளைக் கண்ணால் பார்க்க வந்தவர்கள். பற்றிஸ், ரோல்ஸ் என்று தின்பண்டம், தேத்தண்ணிப் போத்தல் எல்லாம் வந்திருந்தன. யூலியன் மாஸ்டர் முதல் வரிசையில் இருந்துகொண்டு "இடக்கை இல்லாத பிள்ளை எது?" என்று விசாரித்தார். காட்டினார்கள். இரண்டு கையும் முழுசாக இருந்ததைக் கண்டு, மன்றாட்டு இவ்வளவு கெதியாகப் பலித்துவிட்டதே என்று நெகிழ்ந்துபோனார். அவருக்கு யார் உண்மையைச் சொல்வது?

பிலேந்திரன் ஐந்தாம் வரிசை. நான் அவருக்குப் பின்னால் ஆறாம் வரிசை. அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இங்வில்லுக்கு ஆட்டத்தின் மூன்றாம் பகுதியோடு மூச்சு வாங்கியது, அவர் சொன்னபடியே. பேனை தேடிக் கை சட்டைப்பைக்குப் போனது, வெறும் பை, திரும்பி வந்தது. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முழங்காலில் வைத்துக்கொண்டார், எல்லோருக்கும் தெரியும்படி.

(அவர் அழுதார் என்று ஒரு வரைவில் எழுதினேன். "நான் அழேல்லை பிள்ளை" என்று செய்தி அனுப்பினார். "கொஞ்சம்" என்று அடுத்த செய்தி.)

6

முடிவுக்கு வந்துவிட்டோம். எங்கள் அணி ஒரு புள்ளி பின்னால், ஒன்பது விநாடி மீதி. மூன்று முடிவுகள் யோசித்து வைத்திருக்கிறேன்.

ஒன்று: எட்டு எறிந்த பந்து விழுகிறது. வென்றோம். இது கல்யாண வீட்டுக் கதை.

இரண்டு: பந்து வளையத்தில் பட்டு வெளியே போகிறது, தகப்பன் அணைத்துக்கொள்கிறார். இது போட்டிக்கு அனுப்புகிற கதை.

மூன்று: எட்டு வழக்கம்போல மாரெனிடம் கொடுத்துவிடுகிறாள். மாரென் இடது கையால் போட்டுவிடுகிறாள். யூலியன் மாஸ்டர் இதற்குத்தான் வாக்களிக்கிறார்.

நடந்தது இது. பந்து கரோலினாவிடம் வந்தது. அவள் தலையை உயர்த்தித் தகப்பன் இருக்கும் பக்கம் பார்த்தாள். ஐந்தாம் வரிசையில் இரண்டு வெறுங்கைகள். பார்த்துவிட்டாள். நான் கண்டேன், முகம் இளகியது. பிறகு அவளுடைய பார்வை ஒரு வரிசை மேலே ஏறியது. அங்கே மடியில் கொப்பி, கையில் பேனையோடு ஒருத்தி குனிந்து கொண்டிருந்தாள். நான்தான். அந்த நேரம் என் கொப்பியில் இருந்த வரி:

எட்டு திரும்பிப் பா

பேனையைக் கீழே வைத்தேன்.

பிறகு நடந்ததை நான் முழுவதும் பார்த்தேன். எழுதவில்லை, இனியும் எழுதமாட்டேன். எழுதித் தரச்சொல்லி றோஸ் அக்கா கேட்டும் கொடுக்கவில்லை. இன்னும் ஒன்பது விநாடி இருக்கிறது, பந்து அவள் கையில். நீங்கள் பாருங்கள். உங்கள் கைகள் மட்டும் அவளுக்குத் தெரியும்படி இருக்கட்டும்.