குறைக்காமல் விட்ட இரண்டு வோல்ட்

எருக்கலம்பிட்டி ஹில்மி, கேட்ட விலைக்கு ஒரு பொருளை வாங்கியதாக ஊரில் எவரும் சாட்சி சொல்ல முடியாது. இராணுவ ஏலத்தில் அந்தப் பச்சை லொறியை எடுத்தபோதுகூட, ஏலம் முடிந்த பிறகு, "டயர் தேஞ்சிருக்கு, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க மாத்தயா" என்று தொடங்கி, ஏலம் போட்டவரை இடத்தை விட்டே எழும்ப வைத்தவர்.

லொறியில் எல்லாம் திறம். காலையில் தள்ளவேண்டும், அவ்வளவுதான். பற்றறிகள் இரண்டுக்கும் ஒருநாளாவது வயிறு நிறையச் சார்ஜ் ஏறியதில்லை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வரும் ஆண்கள், தள்ளக் கூப்பிடுவார் என்ற பயத்தில் ஹில்மியின் ஒழுங்கையால் வருவதையே விட்டுவிட்டார்கள்.

மனைவி முஸ்பிரா கடைசியில் தீர்ப்புச் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை முசலிக்கு ராத்தா வீட்ட போறம். அங்க இருந்து திரும்பேக்க ஒருத்தராவது கை வைச்சுத் தள்ளினா, லொறி பாயிஸ்ட பழைய இரும்புக் கடைக்கு."

"சரி."

"இன்னொண்டு. அண்டைக்கு முழுக்க நீங்க பேரம் பேசப்படாது. போன முறை மீனுக்கும் வத்தகப்பழத்துக்கும் நிப்பாட்டி நிப்பாட்டி, ராத்தா ஆக்கின சோறு ஆறிப் போச்சு."

லொறிக்காக ஹில்மி அதற்கும் தலையாட்டினார். மூச்சு விடாதே என்றிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திராது.

ஞாயிறு காலை வழக்கம்போலத் தள்ளித்தான் லொறி உயிர்த்தது. அது கணக்கில் சேராது என்று முஸ்பிரா பெருந்தன்மையாக விட்டுவிட்டாள். தாராபுரத்தில் கராஜ் வைத்திருக்கும் நீக்கிலாஸ் அன்று பேசாலையில் ஞானத்தகப்பனாக ஒரு ஞானஸ்நான விருந்தில் இருந்தான். ஹில்மி அவனுக்குப் போன் எடுத்தார்.

"நானா, எஞ்சினை நிப்பாட்டாதீங்கோ. சார்ஜ் ஏத்துற ஓல்டர்நேட்டருக்குப் பின்னால சின்ன ஓட்டை ஒண்டு, அதுக்குள்ள ஒரு திருகாணி. பற்றறியில மீற்றரைப் பிடிச்சுக்கொண்டு வலப்பக்கம் மெல்லத் திருப்புங்கோ. சார்ஜ் கூடும்."

"எவ்வளவுக்கு வைக்க?"

மறுமுனை கொஞ்சம் யோசித்தது. "முப்பது வோல்ட்."

'இருபத்தெட்டுக்கு முடிப்பமா?' ஹில்மியின் நுனிநாக்குவரை வந்துவிட்டது. பக்கத்தில் முஸ்பிரா, அக்காவுக்கான வட்டிலப்பச் சட்டியை ஏந்தியபடி அவருடைய வாயையே பார்த்து நின்றாள். விழுங்கினார். முப்பது என்றால் முப்பது.

லொறிக்கு வந்த சீரைப் பார்க்கவேண்டும்! எந்த வாகனத்துக்கும் விலகாத மன்னார்ப் பட்டினத்துக் கழுதைகள் அந்த ஹோர்னுக்கு விலகின. வெயிலிலும் லைற்றைப் போட்டுக்கொண்டு ஹில்மி பாலத்தைக் கடந்தார். கடந்து கொஞ்ச தூரத்தில் மூக்கைச் சுளித்தார்.

"முஸ்பிரா, கோவிக்காத. வட்டிலப்பத்துக்கு நல்ல முட்டையா போட்டனீ?"

"என்ன கேட்டீங்க?"

"கூழ்முட்டை மணக்குது."

முஸ்பிரா சட்டியைத் திறந்து அவருடைய மூக்கடியில் நீட்டினாள். ஏலக்காயும் கருப்பட்டியும்தான் மணத்தன. நாற்றம் வெளியிலிருந்து வந்தது. இறங்கிப் பார்த்தால், பற்றறிகள் இரண்டும் சோற்றுப்பானைபோலக் கொதித்துக்கொண்டிருந்தன. ஹில்மி மறுபடி போன் எடுத்தார்.

"பற்றறி அவியுது தம்பி!"

"எவ்வளவில வைச்சனீங்கள்?"

"நீ சொன்ன முப்பதுதான்."

"குறைக்கேல்லையா?"

"குறைக்கேல்ல."

"ஐயோ நானா! இருபத்தெட்டெண்டா நீங்கள் இருபத்தாறுக்கு இழுப்பீங்கள் எண்டெல்லோ கூட்டிச் சொன்னனான்! ஆர் உங்களைச் சொன்னபடி செய்யச் சொன்னது? கிட்ட நிண்டு பீடி கீடி பத்திப்போடாதீங்கோ. இடப்பக்கம் திருப்பி இருபத்தெட்டில விடுங்கோ."

"இது உள்ள கணக்கா, எனக்கெண்டு சொல்ற கணக்கா?"

"இண்டைக்குத் தூக்கின ஞானப்பிள்ளை மேல ஆணை, இருபத்தெட்டு!"

திருகினார். கொதி அடங்கியது. சிலாவத்துறையில் எஞ்சினை நிறுத்தாமலே பற்றறித் தண்ணீர் வாங்கி ஊற்றினார். கேட்ட விலையை அப்படியே கொடுத்தபோது கடைக்காரர் பயந்துபோய், "நானா, உடம்புக்கு என்னவும் செய்யுதா?" என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

ராத்தா வீட்டுச் சோறு ஆறவில்லை. ஆனால் ஹில்மியின் கண் சோற்றில் இல்லை. பந்தியில் முன்பின் தெரியாத தடித்த வாலிபர்கள் நால்வர் இருந்தார்கள்.

"இவங்க ஆரு?"

"தள்ள வந்தவங்க," என்றாள் முஸ்பிரா. "நான்தான் நேத்தே சொல்லி வைச்சன்."

சாப்பாடு முடிந்ததும் நால்வரும் சறத்தை மடித்துக் கட்டி லொறியின் பின்னால் போய் நின்றார்கள். "கை வைக்காதீங்க வாப்பா, கை வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஹில்மி ஏறினார். கொதித்த பற்றறிகளில் உயிர் இருக்கிறதோ இல்லையோ. பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

ஒரே உறுமல். வேலியில் நின்ற ஆடுகள் கயிற்றை அறுக்கப் பார்த்தன. லொறி பிடித்துக்கொண்டது.

முஸ்பிரா ஏறிக் கதவைச் சாத்தினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். பிறகு, "பாயிஸிட்ட வேற இரும்பு பாக்கச் சொல்லுங்க," என்றாள்.

பின்னால் நின்ற நால்வருக்கும்தான் மனம் ஆறவில்லை. தின்ற சோற்றுக்கு வேலை செய்யாமல் எப்படிப் போவது என்று ஒருவன் கேட்டான். முஸ்பிரா யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"இனித் தள்ள வேணாம், பின்னால ஏறுங்க. சிலாவத்துறை வரைக்கும் சும்மா ஒரு சுத்துப் போய் வருவம்."