தூக்கிய கை

1

இந்தக் கதையை என் மைத்துனரிடமிருந்து சுட்டேன். (சொல் தானாக வந்து விழுந்தது. அவர் தீக்காய மருத்துவர் என்பதால் அதை அடித்துத் திருத்தாமல் விடுகிறேன்.) சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னது நாலு வரிதான். மீதிக்கு நான் பொறுப்பு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அவள் அழகாகத்தான் இருந்திருப்பாள், அந்தத் தழும்பு மட்டும்’—

வேண்டாம். ஊர்வாய் பேசியதே போதும்.

மறுபடியும். அக்காவும் தங்கையும் மருத்துவரிடம் வருகிறார்கள். தங்கை கணக்கு டீச்சர். மூன்று வயதில் கொதிநீர் பட்ட தழும்பு, மோவாயிலிருந்து மார்புவரை இறுகிக் கிடக்கிறது. வலது கை தோளுக்கு மேல் எழாது. கரும்பலகையின் மேல்பாதி எட்டாது. அக்காவுக்கு நாற்பது. கல்யாணமே வேண்டாமென்று தங்கையோடு இருந்துவிட்டவள்.

3

“எப்படிப் பட்டுச்சு?”

தங்கை வாய் திறக்குமுன் அக்கா சொன்னாள்: “என்னாலதான் டாக்டர். எனக்கு அப்ப ஏழு வயசு. இவ கீழ உக்காந்திருந்தா. நான் ஓடி வந்து இடிச்சு, மேடைல இருந்த வெந்நீர்ப் பாத்திரம் கவுந்துடுச்சு. அம்மா அப்படித்தான் சொன்னாங்க.”

மருத்துவர் தழும்பை விரல்களால் பிடித்து நகர்த்திப் பார்த்தார். மோவாய்க்கு அடியில் அது சதையோடு ஒட்டி, அசையவில்லை: ஆழமாக வெந்த இடம். வயிற்றருகே நிறம் மட்டும் மாறியிருந்தது. தண்ணீர் அங்கே போவதற்குள் ஆறியிருக்கிறது. கடைசியாக அக்குள். அங்கும் ஆழம்.

“கை கீழ இருந்திருந்தா அக்குள் தப்பிச்சிருக்கும்மா. இவங்க நின்னு, அண்ணாந்து, கையத் தூக்கியிருக்காங்க. பாத்திரத்த இவங்களேதான் இழுத்திருக்கணும்.”

(இங்கே அக்கா அழுதாள் என்று எழுதினேன். மைத்துனரைக் கேட்டேன். அழவில்லையாம்.)

“அப்ப இத்தன வருஷமும் நான்…” என்றாள். முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

4

ஒரு முடிவில் அக்கா பாரம் இறங்கிச் சிரித்தாள். பொய். இன்னொன்றில் கோபமாக எழுந்து போனாள். அது என் கோபம், அவளுடையதல்ல.

நடந்தது இதுதான். சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்த தங்கை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “அக்கா, உன்மேல தப்பில்லன்னா, இனிமே எங்கூட இருக்க மாட்டியா?”

பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. கை நன்றாக எழுகிறது. அக்காவின் பதிலையும் மைத்துனர் சொல்லிவிட்டார். எழுதினேன், அடித்துவிட்டேன். கேட்கப்பட்டது அவளிடம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மேல்பொத்தானைப் போடாமல் காத்திருக்கிறாள்.