தலை சிலுப்பாத கோழி

மலைக்கிராமமான செம்மநத்தத்தில் முதன்முதலாக வெள்ளைக் கறிக்கோழி வளர்த்தவள் பொன்னுவேலின் மனைவி முத்தாயி ஆவாள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, நாமக்கல்லிலிருந்து அட்டைப்பெட்டிகளில் பஸ் ஏற்றிக் கொணர்ந்த குஞ்சுகளை மாட்டுக்கொட்டகையின் ஒரு பாதியில் தடுப்புக் கட்டி வளர்த்தாள். மலைக்குளிர் தாக்காவண்ணம் சட்டியில் கரித்தணல் இட்டாள்; சாக்குப் படுதா தொங்கவிட்டாள். குஞ்சுகள் தின்றன, உறங்கின, மறுபடியும் தின்றன. அதற்குமேல் அவற்றுக்கு ஒரு வேலையும் தெரியவில்லை.

மாரியம்மன் பண்டிகைக்கு அவ்வூரில் வீடு தவறாமல் கோழி அறுப்பர். அத்தனை கோழியும் தன் கொட்டகையிலிருந்தே போகவேண்டும் என்பது முத்தாயியின் எண்ணம். இந்த இனமோ காத்திருக்கும் இனம் அன்று. எடை ஏறியபின் வைத்திருந்தால் கால் தாங்காது. உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போகும். ஆகவே பண்டிகை தவறினால் கோழிகளும் போகும். அவளும் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மீண்டும் காப்பித் தோட்டத்திற்குப் போகவேண்டியதுதான்.

அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. கோழியைக் கோயிலின் முன் நிறுத்தி அதன் தலையில் மஞ்சள்நீர் தெளிப்பர். கோழி தலையைச் சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். சிலுப்பிய பிறகே அறுப்பர்.

பண்டிகைக்கு முதல்நாள் பொன்னுவேல் ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குச் சென்றான். முத்தாயியும் உடன் சென்றாள். பூசாரி வெங்கடாசலம் நீர் தெளித்தார். கோழி கண்ணை மூடித் திறந்தது. மீண்டும் தெளித்தார். அது கால்களை மடக்கிச் சுகமாக உட்கார்ந்துகொண்டது.

"ஏனப்பா பொன்னுவேலு, இதுக்கு உசுரு இருக்குதா, இல்ல பஞ்சடைச்சுக் கொண்டாந்தயா?" என்றார் அவனுடைய பங்காளி பெரியண்ணன்.

"கொஞ்சம் பொறுங்க. மெதுவாத்தான் சிலுப்பும்."

"எப்ப? அடுத்த வருச நோம்பிக்கா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தனர். ஒருவன் கோழியின் காதில் நீர் விடச் சொன்னான். பூசாரி கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாங்க. ஆத்தா கேக்கல. எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

அம்மன் மறுத்த இனத்தைப் பண்டிகை நாளில் எவர் வீட்டில் சமைப்பர்? முத்தாயியிடம் கோழிக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் அனைவரும் அன்று மாலைக்குள் நாட்டுக்கோழி தேடிப் போயினர்.

எஞ்சியது ஒரே வழி. ஒண்டிக்கடை என்னும் பக்கத்து ஊரில் கறிக்கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயிலிடம் மறுநாட்காலை பொன்னுவேல் ஓடினான். ஒரு கோழி கோயிலுக்குப் போய்வந்ததையும் சொன்னான். கடைக்காரர் கத்தியுடன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தம் கையால் அறுத்ததையன்றி வேறெதையும் அவர் கடையில் தொங்கவிடுவதில்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "நல்லா வளத்திருக்கறம்மா" என்றார். பிறகு, "கோயிலுக்குப் போன கோழி எது? அதை மட்டும் தனியா வெச்சிரு. சாமிக்கு விட்டது எங்களுக்கு ஆகாது" என்றார்.

முத்தாயி உள்ளே நோக்கினாள். எல்லாம் வெள்ளை. மஞ்சள் படிந்த தலை ஒன்றும் இல்லை.

"ஏனுங்க, மஞ்சத்தலையன் எங்க?"

பொன்னுவேல் தலையைச் சொறிந்தான். "வர்ற வழியில பெரியண்ணன் நொம்பக் கிண்டல் பண்ணுனான். ஓடையில கழுவிட்டு உள்ள விட்டுட்டேன்."

"கழுவுனீங்களா?"

"சோப்புப் போட்டு."

முத்தாயி கொட்டகைக்குள் நுழைந்தாள். ஏதேனும் ஒன்றைப் பிடித்து இதுதான் என்று நீட்டிவிடலாம். பாய்க்குத் தெரியப்போவதில்லை. அவள் ஒரு கோழியைப் பிடிக்கவும் குனிந்தாள். ஆனால் கோயிலுக்குப் போன கோழி அவர் கத்திக்குப் போய், அவர் கடைக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டு அடுப்புக்குப் போகும் என்ற நினைவு அவள் கையைத் தடுத்தது. வெறுங்கையோடு நிமிர்ந்தாள்.

"எதுன்னு தெரியலைங்க பாய். இவரு கழுவி விட்டுட்டாரு. உங்களுக்கு ஆகாதுன்னா விட்டுருங்க."

இஸ்மாயில் கத்தியை உறையிலிட்டார். பிறகு தாடியை நீவியபடி கேட்டார்.

"கோயில்ல என்ன பண்ணுனாங்க?"

"தண்ணி தெளிச்சாங்க. அது சிலுப்பல. ஆத்தா வேண்டாமுன்னுட்டான்னு பூசாரி திருப்பி அனுப்பிட்டாரு."

"அறுக்கலையே?"

"இல்லீங்க."

"அவங்க வாங்கிக்கலேன்னா அது அவங்களுக்குப் போகல. யாருக்கும் போகாத கோழி, உன் கோழிதானம்மா. தண்ணி காய வை."

அண்டா ஏற்றப்பட்டது. இஸ்மாயில் மேற்கு நோக்கி அமர்ந்து, இறைவன் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாக அறுத்து, குருதி வடிய விட்டார். நீர் கொதித்துவிட்டால் தோல் கிழியும். ஆறிவிட்டால் இறகு வராது. எனவே முத்தாயி விரலை நனைத்துப் பார்த்துப் பார்த்துக் கோழிகளை முக்கி எடுத்தாள். பொன்னுவேல் இறகு பிடுங்கினான். அவள் வயிற்றைக் கீறி, பித்தப்பை உடையாமல் குடலை எடுத்து, ஓடைநீரில் அலசி, மூங்கில் கூடையில் வாழையிலை பரப்பி அடுக்கினாள். கோழிகள் நன்கு சதை பற்றியிருந்தன. அடுத்த தொகுதியையும் தமக்கே தருமாறு இஸ்மாயில் கேட்டுக்கொண்டார்.

பாதி வேலை முடிந்திருந்தபோது பெரியண்ணன் வேலியோரம் வந்து நின்றார். வெள்ளக்கடை ஊரிலிருந்து அவருடைய சம்பந்தி வீட்டார் கூட்டமாக வந்து இறங்கிவிட்டனர் என்பதும், அவர் அறுத்த ஒற்றைச் சேவல் குழம்பில் தேடினாலும் அகப்படாது என்பதும் அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

"ஏம்மா முத்தாயி, ரெண்டு குடு. சாமிக்கில்ல, சம்பந்திக்குத்தான்."

"சம்பந்தி தலையச் சிலுப்புனாருங்களா மாமா?"

பொன்னுவேல் வாய்க்குள் போன இறகைத் துப்பிக்கொண்டே சிரித்தான். பெரியண்ணனும் சிரித்து வைத்தார், வேறு வழியில்லை.

"எல்லாம் பாய்க்குச் சொன்னதுங்க. அவரு கடையில கேளுங்க, ஒண்டிக்கடைக்கு இப்ப பஸ் வரும்" என்று சொல்லிவிட்டு, முத்தாயி அடுத்த கோழியை வெந்நீரில் முக்கினாள்.