படிக்கட்டுச் சுவரின் உச்சியில்

தில்லையடியில் நிஸ்ரினின் சீதன வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு சுவர்தான். வாசல் கூடத்திலிருந்து நேரே கூரை வரை போகும். அதை ஒட்டியபடி மாடிப்படி ஏறும். உப்பளம் வைத்திருக்கும் வாப்பா மகளுக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. ஆனால் அந்தச் சுவரில் எதை மாட்டுவது என்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. மணிக்கூட்டை மாட்டிப் பார்த்தார்கள், மிளகாய் விதை மாதிரி தெரிந்தது. கழற்றிவிட்டார்கள்.

மாடியில் நிஸ்ரினின் புருஷன் றஸீனுடைய ராத்தா மர்ளியா இருந்தாள். அவளுக்கும் ஒரு காலத்தில் சீதன வீடு இருந்தது. அவளைக் கட்டிய புருஷன் கெஞ்சியும் கொஞ்சியும் அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகு தலாக்கும் சொல்லிவிட்டான். பெண்ணுக்கு வீடு கொடுக்கிற ஊரில் வீடில்லாத பெண் எங்கே போவாள்? தம்பியிடம் வந்தாள். ஆனால் அது தம்பியின் வீடில்லையே, தம்பி பெண்டாட்டியின் வீடு.

பாத்ரூமோடு சேர்ந்த அந்த மாடி அறைதான் மர்ளியாவுக்கு இந்த உலகத்தில் மிஞ்சிய இடம். நிஸ்ரினுக்கு அது உறுத்தியது. வெளியே போ என்று சொன்னால் ஊர் வாயில் விழ வேண்டும். நிஸ்ரின் ஊர் வாயில் விழுகிற ஆளில்லை.

தலாக்குக்குப் பிறகு வெளியே போகாமல் இத்தா இருந்த மாதங்களில் மர்ளியா கறுப்பு வெல்வெட்டில் தங்க நூலால் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியைத் தைத்திருந்தாள். கதவளவு துணி. கண் வீங்க அழுத நாட்களில்கூட ஊசியைக் கீழே வைக்கவில்லை. ஒரு நாள் பயந்து பயந்து அதைக் கொண்டுவந்து விரித்தாள்.

"நிஸ்ரின், இத வாசல் சுவத்துல மாட்டினா நல்லா இரிக்குமோ?"

நிஸ்ரின் துணியைப் பார்த்தாள். சுவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மர்ளியாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"மாஷா அல்லாஹ்! என்ன மச்சி, இதக் கேக்கவும் வேணுமா? ஆனா கீழ மாட்டேலா. படியில ஏறுறவங்கட காலெல்லாம் அல்லாட கலாமுக்கு மேலால போகும். உச்சியிலதான் மாட்டோணும்."

மர்ளியாவுக்கு அழுகை வந்துவிட்டது. நம் கைவேலை வாசலில் இருந்தால் நாமும் இந்த வீட்டு ஆள்தானே என்று நினைத்தாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

மேசன் வேலை செய்யும் ஜபார் பாஸ் வந்து சாரம் கட்டினார். கண்ணாடிச் சட்டத்தை மேலே ஏற்றும்போது றஸீன் கீழே நின்று, வலப்பக்கம், இடப்பக்கம் என்று கத்தினான். மர்ளியா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சட்டத்துக்கு மேல் லைட்டும் போட்டார்கள். தங்க நூல் பளபளத்தது. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் அதைவிட அழகான பொருள் வேறு இல்லை.

அந்தக் கிழமையே நிஸ்ரின் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, மார்க்கம் படித்த ஆலிமா ஒருவரை வரவழைத்து வீட்டில் பயான் பேச வைத்தாள். வந்தவர்கள் எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். மர்ளியாவின் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். அவள் வெட்கத்தில் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டாள். பயான் முடிந்து கேள்வி கேட்கும் நேரம் வந்தபோது, நிஸ்ரின் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆலிமாவிடம் கேட்டாள்.

"ஆலிமா, ஒரு சந்தேகம். மச்சிட ரூமுட பாத்ரூம் அந்தச் சுவத்துக்குப் பின்னாலதான் இரிக்கி. சரியா ஆயத்துக்குப் பின்னால. அது பரவாயில்லையா?"

வீட்டு வரைபடத்தை வாப்பாவோடு உட்கார்ந்து பார்த்தவளுக்கு இது இன்றைக்குத்தான் தெரிய வந்ததாம்.

ஆலிமா நல்ல மனுசி. எதுவும் அறியாமல் பதில் சொன்னார்.

"நடுவுல சுவர் இரிக்கிதானே. ஹராம் எண்டு சொல்லேலா. ஆனா தவிர்ந்துகொண்டா நல்லம், அதுதான் பேணுதல்."

முன்வரிசையில் இருந்த ஃபஹ்மியா "அஸ்தஃபிருல்லாஹ்" என்று கன்னத்தில் கை வைத்தாள். அவ்வளவுதான். இவ்வளவு நேரம் மர்ளியாவின் கையைப் பார்த்த கண்கள் எல்லாம் இப்போது அவள் முகத்தைப் பார்த்தன.

"அப்ப அதக் கழட்டுவோமே," என்றாள் மர்ளியா.

"என்ன கதை மச்சி இது? அல்லாட கலாம ஏத்தி வெச்சிப்போட்டு, பாத்ரூமுக்காக இறக்குறதா?"

மர்ளியா அத்தனை முகங்களையும் ஒரு முறை பார்த்தாள்.

"நான் கீழ வாறேன்," என்றாள்.

அன்று பின்னேரமே பாத்ரூமுக்குப் பூட்டுப் போட்டார்கள், தண்ணீரையும் நிறுத்தினார்கள். குசினிக்குப் பக்கத்தில் தேங்காயும் அரிசி மூட்டையும் கிடக்கும் சாமான் அறையில் மர்ளியாவுக்குப் பாய் விரித்தார்கள். வேறு சுவரில் மாட்டலாமே என்று றஸீன் முணுமுணுத்தான். "ராத்தா ஆசைப்பட்ட இடம், நீங்க கெடுக்கப் போறீங்களா?" என்றாள் நிஸ்ரின். அவன் எப்போதும் அப்படித்தான், கொஞ்சம் முணுமுணுப்பான், பிறகு வாயை மூடிக்கொள்வான்.

சாமான் அறைக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். தொழும்போது தேங்காய் எடுக்க வந்தார்கள், படுத்திருக்கும்போது அரிசி அளக்க வந்தார்கள். ஒருவரும் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. நோன்பு தொடங்குமுன் மர்ளியா கனமூலை ஊரில் இருக்கும் சின்னம்மா, சாச்சி பஸீஹாவிடம் போக முடிவெடுத்தாள். புறப்படும்போது அந்தத் துணியைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள்.

"வீட்டுக்குத் தந்தத திருப்பிக் கேக்கிறீங்களே மச்சி," என்று சிரித்தாள் நிஸ்ரின். மர்ளியா துணி இல்லாமலே புறப்பட்டாள்.

பெருநாளைக்குத் தம்பியைப் பார்க்க வந்தாள். வாசல் கூடத்தில் கதிரை போட்டு உட்கார வைத்து, விருந்தாளிக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். றஸீன் எதிரே இருந்தான். அவள் அண்ணாந்து தன் கைவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதற்குப் பின்னால் தண்ணீர் சளசளவென்று இறங்கியது. யாரோ ஃப்ளஷ் இழுத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் நிஸ்ரினின் உம்மா ஸுலைஹா கையைத் துடைத்துக்கொண்டு மாடி விளிம்பில் வந்து நின்றார்.

"உம்மா இப்ப எங்களோடதான், மேல் ரூமுல. முழங்கால் வருத்தம், ராவையில கீழ இறங்கேலா," என்றாள் நிஸ்ரின்.

மர்ளியா மேலே கையைக் காட்டினாள்.

"அதுவா? ஆலிமாவே சொன்னாங்கதானே மச்சி, பேணுதல்தான், ஹராம் இல்ல எண்டு. ஒங்கட தம்பிதான் பைப்பத் திரும்பப் பொருத்தித் தண்ணி வரவெச்சாரு."

மர்ளியா தம்பியைப் பார்த்தாள். நிஸ்ரின் செய்ததெல்லாம் அப்போது அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இவன் கையில் குறடோடு அந்த மாடிப்படி ஏறியிருக்கிறான், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

றஸீன் தலையை நிமிர்த்தாமல் தட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"வட்டிலாப்பம் சாப்பிடுங்க ராத்தா," என்றான்.